பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

போன மாதம் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் கைப்பேசிக் குழுவில் ஓர் இளம் டீச்சர், தலைமையாசிரியரைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு அடுத்த நிமிடமே அழித்தும்விட்டார். ஓய்வுபெற்ற பிறகும் என்னைக் குழுவிலிருந்து யாரும் நீக்காததால் அந்த நாலு வரியை நானும் வாசித்துவிட்டேன். எழுதியதில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கேட்கிற இடத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுத வேண்டாமா? போன் போட்டு இதைச் சொன்னேன். "டீச்சருக்கு இதெல்லாம் எப்படி அறியும்? உங்க காலத்துல சாக்பீஸ் மட்டும்தானே இருந்துச்சு" என்றார். இந்தக் கட்டுரை அவருக்கு என் பதில்.

நான் கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு நகராட்சியில் வேலை. வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். படித்ததும் பி.எட். முடித்ததும் வேலைக்காக அலைந்ததும் எல்லோருக்கும் நடப்பதுபோல நடந்தவைதான், அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். அங்கே தமிழ் டிவிஷன் என்று ஒன்று இருந்தது. தலைமுறைகளுக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து துணி வெளுக்கும் வேலையிலும் நகராட்சி வேலையிலும் இருக்கிற குடும்பங்களின் பிள்ளைகள் அதில் படித்தார்கள். வாயில் தமிழ் இருக்கும், ஆனால் பஸ்ஸின் பெயர்ப்பலகையை மலையாளத்தில்தான் சட்டென்று வாசிப்பார்கள். நானும் அந்த இனம்தான் என்பதால் டிவிஷனை என் தலையில் கட்டினார்கள். சந்தோஷமாகக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் தலைமையாசிரியை ரோசம்மா டீச்சர். வைப்பின் தீவுக்காரர். தினமும் போட்டில் வந்து ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்கு வருவார். ஆரம்ப காலத்தில் பாலக்காட்டில் வேலை பார்த்தவர். அங்கே கற்ற தமிழைக் கைவிட மனமில்லாமல் என்னிடம் மட்டும் அதில் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும் "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். பார்ப்பாரா மாட்டாரா என்பது அந்தச் சொல்லில் இருக்காது, மூக்குக் கண்ணாடியில் இருக்கும். கண்ணாடியைப் போட்டபடியே "நோக்காம்" என்றால் காரியம் நடக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் மடக்கி வைத்துவிட்டு "நோக்காம்" என்றால், வந்தவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஸ்டாஃப் ரூமில் எனக்குச் சொல்லித்தந்த பாடம் இது.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் முதல் கம்ப்யூட்டர் வந்தது. பள்ளியில் படித்துப் பெரிய ஆளான மிளகு, சுக்கு விற்கிற ஒரு மலஞ்சரக்கு வியாபாரி கொடுத்தது. அவருடைய கிடங்கில் கொஞ்ச காலம் இருந்ததால் பெட்டியைத் திறந்ததும் சுக்கு வாசனை அடித்தது. வந்ததுமே ரோசம்மா டீச்சர் சட்டங்களை அறிவித்தார். செருப்பு வெளியே. கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சாவி எச்.எம். கையில். முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும், பிறகு ஸ்டெபிலைசரைப் போட்டு அது முனகி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதன் பிறகு உறையை எடுக்க வேண்டும். அந்த உறை தையல் டீச்சரின் கைவேலை. மூன்று பக்கமும் ரோஜாப்பூ, விளிம்பில் லேஸ். உறையின் அழகைப் பார்த்து ரசித்துவிட்டுப் பலரும் அத்தோடு திரும்பிவிட்டோம். முதல் வருடம் அந்த மெஷினைவிட அந்த உறையைத்தான் அதிகம் தொட்டிருப்போம்.

அப்புறம் பயிற்சி வந்தது. தோப்பும்படியில் ஏறி, வைட்டிலாவில் இறங்கி மாறி, காக்கநாட்டுக்குப் போக வேண்டும். எங்களுக்குச் சொல்லித்தந்தவர் என்னைவிட ரொம்பச் சின்னப் பையன். மவுஸை நகர்த்துங்கள் என்றார். நகர்த்திக்கொண்டே போய் மேசையின் ஓரத்துக்கு வந்துவிட்டேன். திரையில் அம்பு இன்னும் பாதி வழியில் நின்றது. "மேசை தீர்ந்துபோச்சே, இனி என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துக் காட்டினார். சிரிக்காததற்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை.

அந்தப் பையன்தான் ஆசிரியர்களுக்கென்று ஓர் இணையக் குழு இருப்பதைச் சொன்னார். கேரளம் முழுக்க உள்ள டீச்சர்களும், கல்ஃபில் இருக்கிற மலையாளிப் பள்ளிக்காரர்களும் அதில் இருந்தார்கள். பாடக்குறிப்பு, சந்தேகம், புலம்பல் எல்லாம் அங்கே வரும். சொந்தப் பெயர் வேண்டாம், ஏதாவது ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் டெலிபோன் லைன் எச்.எம். அறையில் இருந்ததால் என் இணைய வாழ்க்கை முழுவதும் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு நெட் கஃபேயில்தான் நடந்தது. முதல் செய்தியை அனுப்புநர், பெறுநர், பொருள், வணக்கத்துக்குரிய ஐயா என்று ஆரம்பித்து, 'இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள' என்று முடித்தேன். குழுவில் அதை வைத்து ஒரு வாரம் கொண்டாடினார்கள். ஒருவர் மட்டும் கேலி செய்யவில்லை. அம்மிணி என்ற பெயரில் எழுதுகிறவர். "ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் எழுதினேன், பயப்பட வேண்டாம்" என்று ஆங்கில எழுத்தில் மலையாளத்தைத் தட்டி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து அம்மிணி என் சிநேகிதி.

சிநேகிதி என்று ஆனபிறகு மனசில் கிடப்பதைக் கொட்டாமல் இருக்க முடியுமா? பள்ளியின் பெயரைச் சொல்லாமல் எங்கள் எச்.எம்.மைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். சாவியைக் கொடுக்க மாட்டார் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடக்குகிற விதத்தை நகைச்சுவையாக வர்ணித்தேன். அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. கழற்றினால் சிவப்பு விளக்கு, போட்டால் பச்சை விளக்கு என்று நான் எழுதியதைப் பல பள்ளிக்காரர்கள் தங்கள் எச்.எம்.முக்கும் பொருத்திப் பார்த்தார்கள். அம்மிணி அதற்கெல்லாம் பதில் எழுத மாட்டார். யோசனை மட்டும் சொல்வார். 'திங்கட்கிழமை சாயாவுக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள்' என்பார். 'மற்றவர்கள் முன்னால் கேட்காதீர்கள், அப்படிப்பட்டவர்கள் எல்லோர் முன்னாலும் சம்மதிக்க மாட்டார்கள்' என்பார். அவர் சொன்னபடி கேட்டால் கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். அம்மிணிக்கு மனித மனசைப் படிக்கிற சாமர்த்தியம் என்று வியந்துபோய் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம்தான் உண்மையான சிக்கல் வந்தது. கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் அதிகமாகியிருந்தன. கம்ப்யூட்டர் பீரியடை இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. என் தமிழ் டிவிஷன் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதில் எட்டாம் வகுப்பில் செண்பகம் என்று ஒருத்தி. அப்பா அம்மா இருவருக்கும் டோபிகானாவில் துணி வெளுக்கிற வேலை. சட்டை மடிக்கிற அட்டையை எடுத்து அதில் கீபோர்டை அச்சு அசலாக வரைந்து, பத்து விரலாலும் தட்டிப் பழகியிருந்தாள். அவளைப் பார்த்து வகுப்பு முழுக்க அட்டை கீபோர்டு. பாடம் நடத்தும்போது டெஸ்குக்கு அடியில் டப் டப் என்று கேட்கும். அதட்டினால் ஒரு நிமிடம் நிற்கும். எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும். நிஜ மெஷின் அடுத்த அறையில் லேஸ் வைத்த உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளைகள் அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மிணியிடம் புலம்பினேன். 'பீரியட் கேட்காதீர்கள், ஒரு வாய்ப்பு கேளுங்கள்' என்றார். குழு அப்போது ஒரு கண்காட்சி நடத்தத் திட்டமிட்டிருந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் தயாரித்துப் போட வேண்டும், குறித்த நாளில் மற்றப் பள்ளிப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் எழுத வேண்டும். திங்கட்கிழமை சாயாவுக்குப் பிறகு போய்க் கேட்டேன். ரோசம்மா டீச்சர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"உன் பிள்ளைங்க அத்தன பேரு முன்னால பதில் சொல்லட்டும், சந்திரே. சொன்னா அத காட்டி மேனேஜர்கிட்ட நான் பேசும். பீரியட் கிட்டும். சொல்லலைன்னா பின்னே என்கிட்ட வராதே."

பிள்ளைகள் டோபிகானாவைப் பற்றிப் பக்கம் தயாரித்தார்கள். கல், தொட்டி, கஞ்சி, இஸ்திரிப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் படம். செண்பகம்தான் தலைவி. பக்கத்தைக் குழுவில் ஏற்றியாயிற்று. கேள்வி நேரத்துக்கு எந்த நாள் என்று மட்டும் அறிவிக்க வேண்டியிருந்தது.

அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி அஷ்டமி மாலையில் புத்தகங்களையும் தொழில் கருவிகளையும் சரஸ்வதி முன்னால் பூஜைக்கு வைத்துவிட வேண்டும். விஜயதசமி காலையில் எடுக்கிறவரை ஒரு எழுத்து வாசிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த பண்டிகை கிடையாது. பள்ளியிலும் வருடாவருடம் பூஜை உண்டு. அந்த வருடம் கம்ப்யூட்டரும் சரஸ்வதியின் சொத்துதானே என்று ஸ்டாஃப் ரூமே ஒருமனதாகத் தீர்மானித்தது. கண்காட்சிக்காக டெலிபோன் லைன் கொடுத்திருந்த ஒரே மெஷினையே தூக்கிக்கொண்டு வந்தோம். தையல் டீச்சர் பட்டுத்துணி விரித்தார். திரைக்குச் சந்தனம், மவுஸுக்குச் செம்பருத்தி. என் பிள்ளைகள் அட்டை கீபோர்டுகளை அடுக்கிக் கட்டி அதன் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார்கள்.

அன்று ராத்திரிக்குள் அறிவிப்பு வந்தது. கண்காட்சியை நடத்தியவர் கல்ஃபிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியர். கேரளத்துக் காலண்டரில் மறுநாள் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, விடுமுறை என்பதால் எல்லோருக்கும் வசதி என்று நவமியன்று மாலை நாலு மணிக்குக் கேள்வி நேரத்தை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் பள்ளியில் பரீட்சையாம், வேறு நாள் கிடையாதாம்.

காலையில் முதல் வேலையாக, பள்ளியில் பூஜைக்கு வந்திருந்த ரோசம்மா டீச்சரைப் பிடித்தேன். ஒரு மணி நேரம் மட்டும் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்கிறோம், மறுபடி வைத்துவிடுகிறோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மேசை இல்லாததால் கையிலேயே மடக்கினார்.

"என் மாதாவா இருந்தா நானே மன்னிப்பு கேட்டுக்கும். இது உங்க தெய்வம். ஒரு கிறிஸ்தியானி டீச்சர் சரஸ்வதிகிட்டேருந்து பிடுங்கினான்னு நாளைக்கு யாரும் பறையக் கூடாது. நோக்காம்."

இந்துக்களான நாங்கள் எல்லோரும் கொஞ்சம் வளைந்து கொடுக்கத் தயாராக இருந்தோம். வளையாமல் நின்றது அவர் ஒருவர்தான். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பூஜை வேலையெல்லாம் முடிந்து மத்தியானத்துக்கு மேல், அம்மிணியிடம் சொன்னால் வழி பிறக்கும் என்று எங்கள் தெரு நெட் கஃபேக்கு ஓடினேன். அது பூட்டிக் கிடந்தது. அந்தப் புண்ணியவானும் தன் மெஷின்களை எல்லாம் பூஜைக்கு வைத்திருந்தார். ஆட்டோ பிடித்து ஃபோர்ட் கொச்சிக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்காக, எல்லோரும் அண்ணன் முறையில் 'இக்கா' என்று கூப்பிடுகிற ஹனீஃபாக்கா நடத்துகிற கஃபே திறந்திருந்தது. பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள்.

"இக்கா, இங்கே பூஜை வைக்கலையே?"

"பூஜை ஒண்ணும் இல்ல டீச்சரே. வைரஸ் மாத்திரம் உண்டு. இருந்தோளு."

உட்கார்ந்து குழுவின் அரட்டைப் பெட்டியைத் திறந்தேன். அம்மிணி இருந்தார். 'எங்கள் எச்.எம். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவருக்கு மனசே கிடையாது. என் பிள்ளைகள் போச்சு' என்று தட்டி அனுப்பினேன். பக்கத்து அறையில் டிங் என்று மணிச் சத்தம் கேட்டது. பிறகு அங்கே யாரோ ஒற்றை விரலால் டொக், டொக் என்று தட்டுகிற சத்தம். அது நின்றதும் என் திரையில் எழுத்து வந்தது: 'மனசு இல்லை என்று சொல்லாதீர்கள். அவரும் ஏதாவது வழி தேடிக்கொண்டிருப்பார்.'

'தேடவில்லை, வீட்டுக்குப் போயிருப்பார்' என்று அனுப்பினேன். டிங். மறுபடியும் டொக், டொக். சும்மா ஒரு புள்ளியை மட்டும் அனுப்பினேன். டிங். நாற்காலியை நகர்த்தி எழுந்து தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வலது கை ஆள்காட்டி விரலை நீட்டியபடி கீபோர்டில் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார் ரோசம்மா டீச்சர். சுவரோரம் அவர் குடை.

நிமிர்ந்து பார்த்தார். திகைத்த மாதிரி தெரியவில்லை. "இரி, சந்திரே. ஆளுங்க பார்க்கும்" என்றார்.

உட்கார்ந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக நான் எழுதிய சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, நடித்துக் காட்டாத குறையாக வர்ணித்த மடக்கல் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீ எழுதினது எல்லாம் வாயிச்சு. பாதி சரி. பாதி கூட்டிச் சொன்னது."

பிறகு அவராகவே சொன்னார். ஸ்டாஃப் ரூமில் இளசுகள் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளக் கூச்சமாக இருந்ததாம். போட்டுக்குப் போகிற வழியில் இங்கே வந்து பழகினாராம். முதலில் எழுதியது யார் என்று தெரியாமல்தான் எனக்குப் பதில் போட்டாராம். கண்ணாடி விஷயம் வந்ததும் புரிந்துவிட்டதாம். நிர்வாகமும் மற்ற டீச்சர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சம்மதிக்க முடியாததை, எப்படிக் கேட்டால் சம்மதிக்க முடியுமோ அப்படிக் கேட்க வைத்தாராம். நான் வியந்த சாமர்த்தியத்தின் ரகசியம் அவ்வளவுதான். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதே சமயம் சிரிப்பும் முட்டியது.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா. இந்த கம்ப்யூட்டர் பூஜைக்கு வைக்கலியே" என்றார்.

செண்பகத்தையும் இன்னும் நாலு பேரையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே வந்து புதிய சிக்கல். எச்.எம்.மைக் கண்டு பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டது ஒரு பக்கம் இருக்கட்டும், செண்பகம் திரையைப் பார்க்கவே மறுத்துவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கு வாசிக்கக் கூடாது டீச்சர். எழுதவும் கூடாது. என் கீபோர்டும் சாமிகிட்ட இருக்கு."

நாலு மணி ஆகப்போகிறது. நான் அவளிடம் கெஞ்சினேன். ஒரு நாள் பரவாயில்லை, சரஸ்வதி ஒன்றும் நினைக்க மாட்டாள் என்றேன். பத்து விரலால் தட்டப் பழகின பிள்ளை, ஒன்றைக்கூட நீட்டவில்லை. பீரியட் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரோசம்மா டீச்சர் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பேசினா தோஷம் உண்டா?" என்று செண்பகத்திடம் கேட்டார். பேசலாம் என்று அவள் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினாள்.

"எனக்கு இந்தப் பூஜை கிடையாது. வாயிக்கறது நான். எழுதறது நான். நீ வாயால பதில் சொன்னா மதி, போதும்."

கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் கீபோர்டைத் தொட்டு எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர்கூடப் பார்த்ததில்லை. அன்று அஞ்சு பிள்ளைகளும் ஹனீஃபாக்காவும் வரிசையில் காத்திருந்த இரண்டு வெள்ளைக்காரிகளும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒற்றை விரல் வேலையை ஆரம்பித்தது. கேள்வி வரும். அவர் சத்தமாக வாசிப்பார். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் பதில் சொல்வாள். அதை மலையாளமாக்கி எழுத்தெழுத்தாகத் தேடி அடிப்பார். கிளிப் இல்லாமல் துணி எப்படிக் காற்றில் பறக்காமல் நிற்கிறது என்று கல்ஃப் பள்ளியிலிருந்து ஒரு பெண் கேட்டாள். இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவில் துணியின் முனையைச் செருகிவிட்டால் காற்று அடிக்க அடிக்க இறுகும் என்று செண்பகம் சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே தன் இரட்டைச் சடையின் ரிப்பன்களை அவிழ்த்து முறுக்கி ஹனீஃபாக்காவின் கைக்குட்டையைச் செருகியே காட்டினாள். அதை எழுத்தில் எழுத ரோசம்மா டீச்சர் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. 'இருக்கிறீர்களா, போய்விட்டீர்களா?' என்று கல்ஃபிலிருந்து கேட்டார்கள். "உண்டு, உண்டு" என்று திரையைப் பார்த்து வாயால் பதில் சொன்னார் டீச்சர். ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. அந்தக் கயிற்று முறுக்குப் பதிலுக்குத்தான் குழுவில் அதிகப் பாராட்டு வந்தது.

எல்லாம் முடிந்து அவர் விரலை உதறிக்கொண்டபோது செண்பகம் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"டீச்சர், மத்த விரலுக்கும் வேலை கொடுக்கலாம். தசமி கழிஞ்சா நான் காட்டித் தர்றேன்."

ரோசம்மா டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு என்று நினைத்தேன். அவர் அதை மடக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று புரிந்தது. அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

விஜயதசமியன்று பூஜை எடுத்தோம். செண்பகம் தன் அட்டை கீபோர்டைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டாள். மாலையில் எங்கள் தெரு கஃபேயும் திறந்தது. உள்ளே போய் உட்கார்ந்து குழுவைத் திறந்தேன். அம்மிணியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்து கிடந்தது, எப்போதும்போல, ஒன்றுமே நடக்காததுபோல:

'சந்திரா டீச்சருக்கு, பீரியட் விஷயமாக உங்கள் எச்.எம்.மை திங்கட்கிழமை சாயாவுக்குப் பிறகு போய்ப் பாருங்கள். தருவார் என்றுதான் தோன்றுகிறது.'

திங்கட்கிழமை சாயா முடியும்வரை காத்திருந்து அவர் அறைக்குப் போனேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.